முட்டை ஓடு

சக்கரை என்பது அவனுடைய பெயரல்ல. எட்டு வயதில் அவன் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டபோது தெருவில் எவனோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் அது. வைத்தவன் யாரென்று மறந்துபோயிற்று, பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது. கேலிக்கு வைத்த பெயரை ஒருவன் மடக்கிப் போட வேண்டுமென்றால் இவனைப் போலத்தான் மடக்க வேண்டும். வளர்ந்து ஆளானதும் சக்கரை ஒரு பேக்கரி வைத்தான், கடைப் பலகையிலும் அந்தப் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதினான். ஒவ்வொரு வேளையும் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடுகிற மனுஷன் ஊருக்கெல்லாம் கேக் விற்றான். பதம் பார்க்க ஒரு துளி நாக்கில் வைப்பான், வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவான். "என் கேக்கை நானே துப்பறேன், நீங்க என்னடான்னா வீட்டுக்குக் கட்டிட்டுப் போறீங்க" என்று வாடிக்கைக்காரர்களிடமே சொல்லுவான். அவர்களும் சிரித்துக்கொண்டே இன்னொன்று வாங்கிப் போவார்கள்.

ஒரு வருஷம் எதிர்வரிசையில் புதிதாக ஒரு பேக்கரி வந்தது. 'எல்லாம் இங்கேயே தயார்' என்று கண்ணாடி முழுக்க எழுதி ஒட்டியிருந்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சக்கரையின் மனைவி தினமும் வாசலில் நின்று எதிர்க்கடைக்குப் போகிறவர்களை எண்ணினாள். அவனோ அசரவில்லை. ஒரு நாள் காலையில் ஒன்றும் தெரியாதவன் போல எதிர்க்கடையின் பின்பக்கம் போய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தான். அந்தக் கடைக் குப்பைத் தொட்டியில் முட்டை ஓடே இல்லை. கேக் போடுகிறவன் கடையில் முட்டை ஓடு இல்லாமல் எப்படி இருக்கும்? எங்கேயோ வாங்கி வந்து, பெட்டியை மாற்றி விற்கிறான். இதைச் சக்கரை சொன்ன அன்றிலிருந்து அந்த வீட்டில் 'முட்டை ஓடு' ஒரு வார்த்தையாகவே ஆகிவிட்டது. யாராவது அடுத்தவன் ஜோக்கைத் தன் ஜோக் என்று சொன்னால், ஏதாவது ஒரு உறவுக்காரர் ஓவராக அளந்துவிட்டால், "முட்டை ஓடு இருக்கான்னு பாரு" என்று கண்ணடித்துக்கொள்வார்கள். இதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் அவனுடைய அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது அவள் கதை. முதல் முறை ஊசி போட வந்தபோது சக்கரை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்று கத்தினான். அப்பா மிரட்டினார், அம்மா கெஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை. அக்காதான் தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி அவனிடம் பேசினாள். பெரியவள் ஆனதும் இந்த ஊசியே வேண்டாம்படி பண்ணிவிடுகிறேன், அதுவரைக்கும் மட்டும் போட்டுக்கொள் என்றாள். அவளும் அப்போது சின்னப் பெண்தான். சின்னப் பிள்ளைகள் ஆயிரம் சொல்லும், மறுநாள் மறந்துவிடும். இவள் மறக்கவில்லை, அதுதான் வினை. படித்தாள், மேலே படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கணையத்துச் செல்களுக்கு இன்சுலின் செய்யக் கற்றுக்கொடுக்கிற ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிற கணையத்தில் இன்சுலின் செய்கிற செல்கள் கொஞ்சம்தான். சக்கரைக்கு அவை இல்லை. நோயை விரட்ட வேண்டிய அவன் உடம்பின் காவல்காரர்களே, வளர்த்த நாய் வீட்டுக்காரனைக் கடித்த மாதிரி, அவற்றைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் பக்கத்திலேயே வேறு வேலை பார்க்கிற செல்கள் தப்பித்து உயிரோடு இருக்கும். அவற்றுக்குள் நாலைந்து ஜீன்களைச் செலுத்தி, செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரனின் வேலையை இனிமேல் நீ பார் என்று பழக்க முடியுமா என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. இறந்துபோனவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த கணையங்களிலிருந்து செல்கள் வரும். அவற்றைப் பிழைக்க வைப்பதே பெரும் பாடு. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவம் உண்டு, அதில்தான் அவை வாழும். அதற்கு ஏதோ நீளமான பெயர் இருந்தாலும் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் தீனி என்றுதான் சொன்னார்கள், செல்களைப் பசங்க என்றார்கள். பழைய தீனியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தீனி வைக்க வேண்டும். லீவு, விசேஷம், காய்ச்சல் எதுவும் பசங்களுக்குத் தெரியாது. அக்கா ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் சக்கரைதான் பதில் சொல்லுவான். அவளுக்கு ஏற்கெனவே லட்சக்கணக்கில் பசங்க, தீனி வைக்கவே நேரம் போதவில்லை, இதில் புருஷன் வேறு வந்தால் அவன் பட்டினிதான் என்பான்.

சக்கரைக்குப் பாதங்கள் மரத்துப்போய் சில வருஷம் ஆகியிருந்தது. இத்தனை காலம் நோயோடு குடித்தனம் நடத்தினால் அப்படித்தான் ஆகும். கொதிக்கிற பாகு ஒரு சொட்டு அவன் செருப்புக்கும் காலுக்கும் நடுவே விழுந்ததை அவன் உணரவே இல்லை. ராத்திரி மனைவி பார்த்துத்தான் சொன்னாள். அது புண்ணாயிற்று, புண் ஆறவில்லை, சுண்டு விரலும் அடுத்த விரலும் கறுத்தன. டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. இரண்டு விரலையும் எடுத்துவிட வேண்டும், எடுத்தால் கால் பிழைக்கும், பழையபடி நிற்கலாம், நடக்கலாம், அடுப்பு முன்னால் வேலை செய்யலாம் என்றார். அடுத்த வாரத்துக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்.

அன்றோடு சக்கரை ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டான். அக்காவுக்குப் புண்ணைவிட அதுதான் பயமாக இருந்தது. அவள் பார்க்கப் போனபோது அவன் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு விரல், நாளைக்குப் பாதம், அப்புறம் முழங்கால், ஆஸ்பத்திரி வரிசையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றான். அவள் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பி வந்தாள்.

அந்த வாரம்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் மஞ்சள் வந்தது.

சோதனை இப்படி நடக்கும். செல்களை நன்றாக அலசி, வெறும் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் பட்டினி போட வேண்டும். பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அவை என்ன கக்குகின்றன என்று அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும். வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் அதை விட்டு மருந்து சேர்த்தால், இன்சுலின் இருக்கிற குழி மஞ்சளாகும், இல்லாத குழி தண்ணீராகவே இருக்கும். அன்றைக்கு ஜீன் செலுத்திய செல்களின் பக்கம் முழுக்க மஞ்சள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஜீன் செலுத்தாமல் வைத்திருந்த செல்களின் பக்கம் வெறும் தண்ணீர். கூட வேலை செய்கிற, எல்லாரும் ஒல்லி என்று கூப்பிடுகிறவர் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கூடத்தின் தலைவர் வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தலைவர் பழுத்த ஆள். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை. ஒரு செல் தானே இன்சுலின் செய்யும்போது முதலில் நீளமான சங்கிலியாகச் செய்து, நடுவிலே ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இன்சுலினையும் அந்த வெட்டுத் துண்டையும் சேர்த்தே வெளியே தள்ளும். பாட்டிலில் வருகிற இன்சுலினில் அந்தத் துண்டு இருக்காது. அதனால் வெட்டுத் துண்டைக் கண்ணால் பார்த்தால்தான் செல் சொந்தமாகச் செய்தது என்று அடித்துச் சொல்லலாம். அதற்கான மருந்துப் பெட்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், இன்னும் வந்து சேரவில்லை. அது வருகிறவரை யாரும் வெளியே வாய் திறக்கக் கூடாது என்றார் தலைவர். அக்காவும் மண்டையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு நேராக மாடிப்படிக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், சுரக்குதுடா."

எது என்று கேட்டான். செல் இன்சுலின் சுரக்கிறது என்றாள். அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ ரொட்டி கேட்டார்கள், யாரோ கல்லாவைத் திறந்து மூடினார்கள். மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னாள். இன்னும் ஒரு சோதனை இருக்கிறது, அது முடியாமல் நிச்சயமில்லை என்று அடுத்து சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் அழுதுகொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் அழுததற்குப் பிறகு அவன் அழுது அவள் கேட்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சக்கரையின் மனைவி போனில் கூப்பிட்டாள். அவர் ஆபரேஷன் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார், நீங்கள்தான் வந்து பேச வேண்டும் அண்ணி என்றாள். அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். கடைக்குள் சக்கரை எழுந்து நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தான், முகத்தில் பழைய களை வந்திருந்தது. சர்க்கரையைத் துல்லியமாக அளந்து அளந்து ஊசி போடுகிறானாம், புண்ணைத் தானே கழுவிக் கட்டுகிறானாம், ஓரமெல்லாம் காய்ந்து வருகிறதாம். அவள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். செல்லுக்கும் உன் காலுக்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு மனுஷன் உடம்புக்குள் போவதற்கு இன்னும் எத்தனையோ வருஷமாகும், நடுவில் தாண்ட வேண்டியது மலை மலையாகக் கிடக்கிறது என்றாள்.

"ஆகட்டுமே. சுரக்குதுன்னா என்னிக்கோ ஒரு நாள் வரும்ல? அந்த நாளுக்கு நான் முழுசா இருக்கணும்கா. வெட்டின விரல் முளைக்குமா?"

இந்த இடத்தில்தான் அவளைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் போல இருக்கும். அந்தச் சோதனை இன்னும் முடியவில்லைடா என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கத்தியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். ஆனால் அவன் அவளைப் பார்த்த பார்வையில் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த பையன் தெரிந்தான். வாக்குக் கொடுத்தவள் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று அந்தக் கண் சொல்லிற்று. எத்தனையோ வருஷமாக அவள் ஏங்கியதே அந்தப் பார்வைக்காகத்தான். அதை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை. சரி, டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் மட்டும் தள்ளிப் போடலாம் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் காச்சுமூச்சென்று கத்தினார், பிறகு மாத்திரை எழுதிக் கொடுத்தார், கறுப்பு ஒரு நூல் ஏறினாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார். சக்கரை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான்.

மருந்துப் பெட்டி வந்து சேர்ந்தது. வெட்டுத் துண்டுச் சோதனையை அக்கா தன் கையாலேயே செய்தாள். மருந்தை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். எந்தக் குழியும் நிறம் மாறவில்லை. தட்டு முழுக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வெறும் தண்ணீர். மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று பெட்டியோடு வந்த மாதிரித் திரவத்தை விட்டுப் பார்த்தாள், அது மட்டும் பளிச்சென்று மஞ்சளாயிற்று. மருந்தில் ஒரு குறையும் இல்லை.

கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்திலிருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இரண்டு விதப் பாட்டில்கள் இருந்தன. ஒன்று சத்துத் தீனி, அதில் இன்சுலின் கலந்திருக்கும், ஏனென்றால் இன்சுலின் இருந்தால் செல்கள் கொழுகொழுவென்று இருக்கும், சாகாது. இன்னொன்று சாதாரணத் தீனி. சத்துத் தீனி கொஞ்சமாக இருந்த நேரத்தில், ஜீன் செலுத்திய பசங்களுக்கு மட்டும் அதை வைப்போம், ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்திருக்கிற பசங்களுக்குச் சாதாரணத் தீனி போதும் என்று சொன்னது வேறு யாருமில்லை, அவள்தான். சத்துத் தீனி தின்ற செல்கள் அதிலிருந்த இன்சுலினை வயிறு முட்டக் குடித்து வைத்துக்கொண்டன. எத்தனை அலசினாலும் அது போகவில்லை. சோதனைத் தண்ணீரில் விட்டதும் குடித்ததைக் கக்கின. சொந்தமாக ஒரு துளிகூடச் செய்யவில்லை. தேறாத மாணவன்கூடச் செய்யக் கூசுகிற தப்பு. தேர்ந்தவர்கள் இத்தனை பேரும் ஆசையில் அதைக் காணாமல் விட்டார்கள்.

தலைவர் அவளைத் திட்டவில்லை. இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லவேளை, வெளியே யாருக்கும் சொல்லவில்லை, மானம் தப்பிற்று என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு மாடிப்படியில் நின்று போட்ட போன் நினைவுக்கு வந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் போகவில்லை. மறுபடி ஒரு தட்டு, அதற்கு மறுபடி ஒரு தட்டு என்று ஒரு வாரம் அந்தச் சோதனையையே கட்டிக்கொண்டு அழுதாள். எங்கேயாவது ஒரு குழியில் லேசாக, சந்தேகம்போலவாவது, ஒரு மஞ்சள் தட்டுப்படாதா என்று வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். தினமும் தம்பிக்குப் போன் போட்டுக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். காய்ந்து வருகிறது என்றான். உன் பசங்க எப்படி என்று அவன் கேட்டான். நல்லா இருக்காங்க என்றாள். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் பொய் சொல்லிக்கொண்டார்கள்.

கடை அடைத்திருக்கிற வார விடுமுறை அன்று கிளம்பிப் போனாள். பின்கட்டில் அடுப்பு ஆறிக் கிடந்தது. தட்டுகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. வெண்ணெயும் ஈஸ்ட்டும் கலந்த அந்தக் கடையின் வழக்கமான வாசனைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. சக்கரை ஒரு ஸ்டூல்மேல் காலை நீட்டி, தடித்த காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. வா என்றான், மனைவியைக் காபி போடச் சொன்னான். அக்கா உட்காரவில்லை. வழி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. வெட்டுத் துண்டு, தீனி, சங்கிலி, இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

"முட்டை ஓடு இல்லடா" என்றாள்.

அவன் ஒரு கணம் முழித்தான். பிறகு அவன் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்குவதை அவள் பார்த்தாள்.

"சுத்தமா இல்லையா?"

"சுத்தமா இல்ல."

"அப்போ வாங்கி வித்திருக்கு."

"நாங்க தீனியில குடுத்ததையே எங்களுக்குத் திருப்பிக் குடுத்திருக்கு."

அவன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், தோள் குலுங்கிற்று. "கில்லாடிப் பசங்க. இத்தனை நாளும் தரகு வேலை பாத்திருக்கானுங்க" என்றான். சிரிப்பு அடங்கியதும் எப்போது தெரிந்தது என்று கேட்டான். போன வாரமே என்றாள். குனிந்து காலுறையை மெதுவாக உருவினான். கறுப்பு விரலைத் தாண்டி, பாதத்தைத் தாண்டி, கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது.

"இது எனக்கும் போன வாரமே தெரியும்" என்றான். "நீ நல்ல சேதியோட வருவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

காபியோடு வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டி பிடிக்க ஓடினாள். அவளுக்கும் அவன் காலைக் காட்டாமல் மறைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் விரலைப் பற்றி யாரும் பேசவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், விஷம் ரத்தத்தில் கலந்திருக்கிறது, அதனால் எதுவும் உறுதி சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். முன்னால் கத்திய அதே டாக்டர் இப்போது தாழ்ந்த குரலில் பேசினார். சக்கரையைத் தள்ளுபடுக்கையில் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் அக்கா கூடவே ஓடினாள், அவன் கையை விடவில்லை. காய்ச்சலில் அவன் கை அடுப்புத் தட்டு மாதிரிக் கொதித்தது. கதவருகில் அவன் அவளைக் கிட்டே வரச் சொன்னான்.

"அடுத்த தடவை முட்டை ஓட்டைப் பாத்துட்டு அப்புறம் சொல்லு, என்ன?"

சரி என்று தலையாட்டினாள். அவன் கண்ணடிக்கப் பார்த்தான், முடியவில்லை. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த பிறகு அவனுக்கு நினைவு சரியாகத் திரும்பவே இல்லை. சில நாள் மிஷினோடு கிடந்தான். ஒரு விடியற்காலையில், மற்ற நாளாக இருந்தால் முதல் ரொட்டி அடுப்பிலிருந்து இறங்குகிற நேரத்தில், போய்விட்டான்.

எல்லாம் முடிந்து வந்தவர்களும் கிளம்பிப் போன பிறகு, சக்கரையின் மனைவி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கல்லாட்டம் இருக்கிறாளே என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை, மாவு தீர்ந்துபோயிற்று என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க போன் பண்ணாம இருந்திருந்தா விரலோட போயிருக்கும் அண்ணி."

"ஆமா" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்ல முடியும்? அது உண்மை.

மறுநாளே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பசங்களுக்கு யார் செத்தாலும் தீனி வைத்தாக வேண்டும். தலைவர் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார், அவள் காதில் வாங்கவில்லை. புதுசாக எல்லாவற்றையும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை இரண்டு பக்கத்துக்கும் ஒரே தீனி, இன்சுலின் இல்லாத சாதாரணத் தீனி. செல்களுக்கு அது பத்தவில்லை. தட்டின் அடியில் ஒட்டியிருக்க வேண்டியவை கூட்டம் கூட்டமாகப் பிய்ந்து மேலே மிதந்தன. ஒல்லி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், இப்படியே போனால் ஒன்றுகூட மிஞ்சாது, கொஞ்சமாவது சத்துத் தீனி சேர்ப்போம் என்று கெஞ்சினார். அக்கா மசியவில்லை. செத்ததை உறிஞ்சி எடுத்து, மிச்சத்துக்குத் தீனி வைத்தாள். அடுத்த கணையம் வந்தது, அதிலும் அதே கதை. அதற்கடுத்ததில் பாதி பிழைத்தது. ஜீன் கலவையை மாற்றினார்கள், பழக்குகிற விதத்தை மாற்றினார்கள். சக்கரை போய் வருஷம் திரும்புகிற சமயத்தில் கொஞ்சம் செல்கள் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நின்றன.

இந்த முறை அவள் முதலில் செய்ததே வெட்டுத் துண்டுச் சோதனையைத்தான். ஒரு பக்கம் தண்ணீர். இன்னொரு பக்கத்தில் வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற, அழுக்குத் தண்ணீரோ என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு மஞ்சள். அவள் நம்பவில்லை. ஒல்லியை விட்டுத் திரும்பச் செய்யச் சொன்னாள், அப்புறம் வேறொரு கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். எல்லா இடத்திலும் அதே மெல்லிய மஞ்சள்தான் வந்தது. கொஞ்சமே கொஞ்சம்தான், ஆனால் செல்கள் சொந்தமாகச் செய்தது. தலைவர் அவள் தோளில் கை வைத்தார். இப்போது வெளியே சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம், முதலில் வீட்டில் போய்ச் சொல்லு என்றார்.

"முட்டை ஓடு இருக்கு" என்றாள் அக்கா.

ஒல்லி என்னது என்று கேட்டார். தலைவரும் புரியாமல் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

பேக்கரியை இப்போது சக்கரையின் மனைவிதான் நடத்துகிறாள். பலகையில் அதே பெயர் இருந்தது. அக்கா அந்த வருஷம் முழுக்க அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. முன்கட்டைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனபோது மனைவி ஒரு பெரிய பாத்திரத்தில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே தட்டு, கட்டை விரலால் ஒரே விரிப்பு, ஓட்டைப் பின்னால் தொட்டிக்குள் எறிவது. அவனிடம் கற்றுக்கொண்ட கை அது. நிமிர்ந்து பார்த்தாள், வாங்க என்றாள், கை நிற்கவில்லை.

அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. இந்த உலகத்தில் அது புரிகிற ஒரே ஆளும் எதிரே நின்றாள்.

"முட்டை ஓடு இருக்கும்மா."

மனைவியின் கை அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த முட்டையை உடைக்காமல் கூடையிலேயே திரும்ப வைத்தாள்.

"இப்ப யாருக்கு அண்ணி?"

வாசலில் யாரோ ரொட்டி கேட்டுக் கூப்பிட்டார்கள். மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனாள். தொட்டி நிறைய ஓடு கிடந்தது. அக்கா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.